விண்டோஸ் மாற்றிப் போட்ட பிறகு டிஃபெண்டர் வேலை செய்யாமல் போனபோது: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

சிம்மக்கல், பத்திரிகை டிசைன் கடை

அனைவருக்கும் வணக்கம். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ் ஆகியவற்றுக்கு டிசைன் செய்து கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். தை முகூர்த்தங்களுக்கான வேலை குவிந்து கிடந்த மார்கழிக் கடைசியில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நல்ல வேளையாக டிசைன்கள் அனைத்தும் தனியாக இன்னொரு டிஸ்கில் இருந்தன. சர்வீஸ் செய்பவர் ஒருவரிடம் கொடுத்துப் புதிய எஸ்எஸ்டி போட்டு, அவர் கையில் வைத்திருந்த பென் டிரைவிலிருந்தே விண்டோஸ் 11 ஏற்றி வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. வேகமும் நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலையில்தான் டாஸ்க்பாரின் மூலையில் எப்போதும் இருக்கும், விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான கேடயப் படம் இல்லை என்பதைக் கவனித்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், வைரஸ் பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டிய இடத்தில், உங்கள் ஐடி நிர்வாகி இந்தச் செயலியின் சில பகுதிகளுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளார் என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. என் கடையில் நானும் ஒரு உதவியாளரும்தான் இருக்கிறோம். நாங்கள் விதிக்காத கட்டுப்பாட்டை விதித்த நிர்வாகி யார் என்ற கேள்வி மனத்தை உறுத்தியதால் சர்வீஸ் செய்தவருக்கு ஃபோன் செய்தேன். "அண்ணே, அது அப்படித்தாண்ணே காட்டும், பயப்படாதீங்க. டிஃபெண்டர் இல்லைன்னாத்தான் சிஸ்டம் ஸ்பீடா இருக்கும்" என்றார். அவர் மனதறிந்து எனக்குக் கெடுதல் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பலரும் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் என் தொழில் பிறருடைய பென் டிரைவை நம்பி நடக்கும் தொழில். செல்லூரிலிருந்தும் அரப்பாளையத்திலிருந்தும் வருகிறவர்கள் மணமக்கள் படங்களைப் பென் டிரைவில்தான் கொண்டுவருகிறார்கள். அன்று மதியமே ஒருவர் கொடுத்த பென் டிரைவில், ஃபோல்டர்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தது. உள்ளே படங்கள் இல்லை; ஃபோல்டரின் பெயரைத் தாங்கிய ஷார்ட்கட் மட்டும்தான் இருந்தது. பென் டிரைவ் வழியாகப் பரவும் வைரஸின் அறிகுறி அது. அதைத் தொடாமல் பிடுங்கி வைத்துவிட்டு, அன்று இரவு கடையைச் சாத்திய பிறகு இந்தச் சிக்கலைப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் நான் செய்தது, தேடியவுடன் கிடைக்கிற வைத்தியம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், நிர்வாகி விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கான பாலிசீஸ் கிளைக்குள் விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பகுதிக்குப் போனால், டிஃபெண்டரை அணைப்பதற்கான டிஸேபிள் ஆன்டிஸ்பைவேர் என்ற பதிவு 1 என்ற மதிப்போடு உட்கார்ந்திருந்தது. அலுவலக வலையமைப்பில் சேராத ஒரு கம்ப்யூட்டரில் பாலிசி என்று ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அதை யாரோ கைப்பட எழுதியிருக்க வேண்டும். அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. 2020 ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு வந்த டிஃபெண்டர் பதிப்புகள், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்தப் பதிவைப் பொருட்படுத்துவதே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020-இல்தான் விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் என்று மாறியது. பழைய பெயரை வைத்துத் தேடுகிறவர்களுக்குப் பழைய குறிப்புகளே முன்னால் வந்து நிற்கின்றன, அவற்றை நம்பி ரெஜிஸ்ட்ரியைக் கிளறுவதில் ஓர் இரவு போய்விடுகிறது.

அடுத்து, பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலைத் திறந்தேன். உண்மை அங்கேதான் தெரிந்தது. டிஃபெண்டர் நிறுத்தப்பட்டிருந்தால் அதன் சர்வீஸ் நிறுத்தப்பட்ட நிலையில் பட்டியலில் இருக்கும். என் கம்ப்யூட்டரிலோ மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் சர்வீஸ் என்ற வரியே இல்லை. புரோகிராம் ஃபைல்ஸில் அதற்குரிய ஃபோல்டரும் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன். பிறகு அவற்றைப் பழுது பார்க்கும் டிஸ்ம் கட்டளையில் ரெஸ்டோர் ஹெல்த் கொடுத்தேன். சரிசெய்வதற்கான மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று அது கைவிரித்தது. அதாவது, டிஃபெண்டரை யாரும் அணைத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் லேசாக ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் கோப்பிலிருந்தே அதை அறுத்தெடுத்துவிட்டு, மீதியைப் பென் டிரைவில் ஏற்றி எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் எந்தக் கட்டளையும் உதவாது. இல்லாத ஒன்றை எப்படிப் பழுது பார்க்க முடியும்?

எனவே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். என் அக்கா மகளின் லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்தேன். டிசைன்கள் இருந்த டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் விண்டோஸை ஏற்றினேன். இந்த ஒரு காரியத்தை எல்லோரும் செய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்த டிஸ்கில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், காவலே இல்லாத புதிய வீட்டுக்குள் அதை நாமே அழைத்து வந்ததாகிவிடும். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைச் சார்ந்தது என்பதால், டிஸ்க் மாறியும் நெட் கிடைத்தவுடன் அதுவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. கேடயப் படமும் வந்தது. அப்டேட்களை முழுதாக இறக்கிய பிறகே டிசைன்கள் இருந்த டிஸ்கை மாட்டி ஃபுல் ஸ்கேன் கொடுத்தேன். அதே வளைந்த அம்புக்குறி வகையைச் சேர்ந்த கோப்புகள் மூன்று ஃபோல்டர்களில் அகப்பட்டன. டிசைன் ஒன்றுகூட கெடவில்லை.

திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. என் லேப்டாப்பில் டிஃபெண்டர் முழுமையாக இருந்தும் எழவில்லை. ரீசெட் செய்தபோது, கம்பெனி ஏற்றிக் கொடுத்த செயலிகளையும் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு நான் சரி என்று கொடுத்துவிட்டேன். அவற்றோடு காலாவதியான ஒரு சோதனைப் பதிப்பு ஆன்டிவைரஸும் திரும்பி வந்தது. வேறொரு ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருக்கிறது என்று பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானாக விலகிக்கொள்ளும். இரண்டு காவலாளிகள் ஒரே கதவில் நின்று மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. நான் அந்த ஆன்டிவைரஸை கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகும், செக்யூரிட்டி பகுதியில் அதன் பெயர் அகலவில்லை. அதைத் தயாரித்த நிறுவனமே இதற்கெனத் தரும் நீக்கும் கருவியை ஓட்டி, இருமுறை ரீஸ்டார்ட் செய்த பின் டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கியது.

மேலூர், அரிசி மண்டி கணக்கர்

ஐயா, எங்கள் மண்டியில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டாலும், டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்களை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பதால், அதிலேயே காலம் தள்ளுகிறோம். விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு டிஃபெண்டர் ஓடியது, ஆனால் அப்டேட் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்றது. மூன்று நாள் நெட் கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒரு பில்லை அச்செடுத்தபோது அதில் 2015 என்று ஆண்டு விழுந்திருந்தது. கம்ப்யூட்டரின் தேதி பின்னால் போயிருந்தால், மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் கருதி இணைப்பை மறுத்துவிடுகிறது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரி செத்துப்போனதுதான் காரணம். டவுன் ஹால் ரோட்டில் ஒன்று வாங்கி வந்து மாட்டி, தேதியைத் திருத்தினேன். பத்து நிமிடத்தில் அப்டேட் ஏறிவிட்டது.

வாடிப்பட்டி, பிரவுசிங் சென்டர்

அண்ணன்கள் சொன்னவற்றிலெல்லாம் ஏதோ ஒரு பிழைச் செய்தியாவது கண்ணில் பட்டது. என் சென்டரில் அதுவும் இல்லை என்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. விண்டோஸ் மாற்றிப் போட்ட பிறகு கேடயத்தில் பச்சை டிக் இருந்தது, அப்டேட்டும் அன்றன்றைக்கு ஏறியது. நான்கு மாதம் நிம்மதியாகவே இருந்தேன். என் மெயில் கணக்கிலிருந்து நான் அனுப்பாத மெயில்கள் போகத் தொடங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது.

ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐகார் என்ற ஒரு சோதனை வரி இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட அந்த வரியால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை நோட்பேடில் ஒட்டி டெஸ்க்டாப்பில் சேமித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதே வரியை டி டிரைவில் சேமித்தேன். கையை எடுப்பதற்குள் ஓரத்தில் எச்சரிக்கை வந்தது, ஃபைலும் காணாமல் போனது. ஒரே கம்ப்யூட்டரில் ஒரு டிரைவுக்குக் கண் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பின் மேனேஜ் செட்டிங்ஸுக்குள் போய், கீழே இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை, அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலை, திறந்தபோது சி டிரைவ் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. விண்டோஸைக் காசில்லாமல் ஆக்டிவேட் செய்வதற்காகப் போட்ட கருவி, தன்னை டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வீடு முழுவதையும் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. அந்த விலக்கை நீக்கியவுடன் ஹேக்டூல் ஆட்டோகேஎம்எஸ் என்ற பெயரில் அந்தக் கருவியே முதலில் சிக்கியது. அதன் பின்னால், மறைவில் வந்து சேர்ந்திருந்த கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்றும் அகப்பட்டது.

லைசென்ஸ் வாங்கி, சுத்தமான கோப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டேன். ஆனால் இது என்னோடு முடிகிற விஷயம் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கும் உதவித்தொகைக்கும் அந்த நான்கு மாதமும் என் கம்ப்யூட்டரில்தான் தங்கள் கடவுச்சொல்லை அடித்தார்கள். வருகை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்து, நடந்ததைச் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறேன். பாலமேட்டுப் பக்கம் இரண்டு பேருடைய எண் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமை நேரில் போகப்போகிறேன்.