எல்டிஹெச் கூடியிருந்தால் புற்றுநோயா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மழைக்கால ஜன்னல்:

வருடம் ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான். உடம்பில் எந்தக் குறையும் இல்லை. ரிப்போர்ட்டில் எல்டிஹெச் (செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம்) என்ற வரியில் மட்டும் 612 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் 140 முதல் 280 வரை என்று எல்லை போட்டிருந்தார்கள். அது என்ன என்று தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் என்று வந்தது. மூன்று ராத்திரி தூங்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

நான்காம் நாள் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டார்களாம்மா?" என்பது. ஆமாம், நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். அவர் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார்: மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. மறுநாள் திரும்ப எடுத்தார்கள். 198.

இதுபோல வேறு யாருக்கும் நடந்திருக்கிறதா? நிஜமாகவே நோய் இருந்து, இந்த எண்ணால் தெரியவந்தவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சோதனைக்குழாய்:

தங்கச்சி, நான் இருபது வருடமாக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். உங்கள் மூன்று ராத்திரிக்கு எங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. உடைந்த மாதிரி என்று தெரிந்தால் அந்த எண்ணைக் கொடுக்காமல் நிறுத்தி, திரும்ப ரத்தம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிவப்பணுவுக்குள் எல்டிஹெச், வெளியே இருக்கும் ரத்தநீரில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஊசி சரியாக ஏறாமல் இழுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ அணு உடைந்து உள்ளே இருந்தது வெளியே கொட்டும். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாகிவிடும். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். உங்கள் உடம்பில் நடக்காத ஒன்றை, குழாயில் நடந்ததை, அது அளந்து கொடுக்கும்.

நொதியைப் பொறுத்தவரை நாங்கள் பெரும்பாலும் எண்ணிக்கையை அளப்பதில்லை, வேலையை அளக்கிறோம். லாக்டேட் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து, 37 டிகிரியில் வைத்து, அது எவ்வளவு வேகமாக பைருவேட் என்ற இன்னொன்றாக மாறுகிறது என்று 340 நானோமீட்டர் ஒளியில் பார்ப்போம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் மாறினால் அது ஒரு யூனிட். அதனால் நொதியின் வேகத்தைத் தொடும் எதுவும் முடிவையும் தொடும். சாம்பிளைக் குளிர்பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். எல்டிஹெச்சுக்கு அது கெடுதல். அதன் ஐந்து வகைகளில் நான்காவதும் ஐந்தாவதும் குளிரில் செயலிழக்கும்.

உடையாத, நல்ல சாம்பிளில் கூடியிருந்தாலும் காரணம் பல. கல்லீரல், இதயம், நுரையீரல், தசை என்று எங்கே செல் சேதமானாலும் இது கசியும். பி12 குறைபாட்டில் வரும் ரத்தசோகையில் நான் பார்த்த எண்கள், பல புற்றுநோயாளிகளின் எண்களைவிடப் பெரியவை. இன்னொருவருக்கு மாதக்கணக்கில் கூடியே இருந்தது, எல்லா ஸ்கேனும் சுத்தம். கடைசியில் பார்த்தால் நொதி அவருடைய எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தைவிட்டு வெளியேற முடியாமல் தங்கியிருந்தது. நோயே இல்லை. அந்த மனிதர் அதற்குள் பாதியாக இளைத்துப்போயிருந்தார்.

ஆறு சுற்று:

எனக்கு நிஜமாகவே நோய் இருந்தது. ஆனால் கண்டுபிடித்துக் கொடுத்தது எல்டிஹெச் இல்லை. கழுத்தில் கட்டி வந்தது, பயாப்ஸி செய்தார்கள், லிம்போமா என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்த எண் என் வாழ்க்கைக்குள் வந்தது.

என் மருத்துவர் ஒரு தாளில் ஐந்து கோடு போட்டு விளக்கினார்: வயது 60ஐத் தாண்டியதா, எல்டிஹெச் கூடியிருக்கிறதா, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எத்தனை இடத்தில் இருக்கிறது, அன்றாட வேலைகளை நானே செய்துகொள்ள முடிகிறதா. 1993 முதல் வேகமாக வளரும் லிம்போமாவுக்கு இப்படித்தான் கணிக்கிறார்களாம். ஐந்தில் ஒன்று மட்டும்தான் இந்த எண் என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய தைரியம்.

கீமோ ஆரம்பித்ததும் அது இறங்கியது. ஒவ்வொரு முறையும் அம்மாதான் கவரைப் பிரிப்பார், எனக்குக் கை நடுங்கும். நான்காம் சுற்றுக்குப் பின் திடீரென்று ஏறிவிட்டது. வீடே உட்கார்ந்து அழுதது. செவிலியர் அக்கா ஒருவர்தான், "வெள்ளணு ஏற ஊசி போட்டோமில்லையா, அதனாலும் ஏறும்" என்றார். ஊசியை நிறுத்திய பின் இறங்கிவிட்டது. அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். கீமோவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஊசி போட்ட தேதியை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

கடைக்குட்டி:

நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து, கீமோ எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்த நேரம். தெரிந்தவர் மூலம் ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே நாகலேஸ் என்ற நொதியின் செயல்பாட்டை அளக்க வேண்டும் என்றார்கள். புற்றுநோய் செல்கள் அதைச் சுரந்து, வைட்டமின் டியைச் சுமக்கும் புரதத்தைக் கெடுக்கின்றன, அதனால் உடம்பின் காவல் செல்கள் விழிப்பதில்லை, எங்களிடம் அதைச் சரிசெய்யும் ஜிசிமாஃப் ஊசி இருக்கிறது என்று படம் போட்டுச் சொன்னார்கள். கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்தது. எண் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. வாராவாரம் ஊசி. அடுத்த ரிப்போர்ட்டில் எண் குறைந்தது. அப்பா சந்தோஷப்பட்டார், கீமோ வேண்டாம் என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். ஐந்து மாதம் போனது. ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்கு வந்துவிட்டிருந்தது.

பிறகுதான் படித்தேன். அந்த ஊசி குடல் புற்றுநோயைக் குணப்படுத்தியது என்று 2008இல் வந்த ஆய்வுக் கட்டுரையை, 2014இல் அந்த இதழே திரும்பப் பெற்றுவிட்டது. 2015இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உரிமம் இல்லாமல் அதைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையை மூடியது. மனிதர்களுக்குப் போடத் தகாத ரத்தநீரிலிருந்து தயாரித்திருக்கிறார்கள். நாங்கள் போனது அதற்கெல்லாம் பிறகு.

எண் குறைந்தது, அப்பாவுக்குள் நோய் வளர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆறு சுற்று அண்ணா, உங்களுக்கு எண்ணோடு ஸ்கேனும் பயாப்ஸியும் பக்கத்தில் நின்றன. எங்களுக்கு எண் மட்டும்தான் இருந்தது.

சோதனைக்குழாய்:

கடைக்குட்டி, உன் பதிவைப் படித்துவிட்டு நேற்று வேலையே ஓடவில்லை. தவறு உங்கள் வீட்டில் யார் மேலும் இல்லைம்மா.

ஆனால் நொதி அளவீடே பொய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1938இல் குட்மன் தம்பதியர், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறுவதைக் காட்டினார்கள். 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் அதையே அளவுகோலாக வைத்து, ஆண் ஹார்மோனை நிறுத்தினால் அந்த நொதி இறங்குவதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விதைப்பைக் கட்டிகளில், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிக்க இன்றும் எல்டிஹெச் உதவுகிறது. செல் பிரியும்போது கூடும் தைமிடின் கைனேஸ் என்ற நொதியின் செயல்பாட்டை அளக்கும் சோதனைக்கு 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களில், ஏற்கெனவே பரவிய ஒரு வகை மார்பகப் புற்றுநோயைத் தொடர்ந்து கவனிக்க. இவை எல்லாமே நோய் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு. நலமாக நடமாடுபவருக்குள் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட, இந்த நொதி வேகங்களில் ஒன்றையும் நான் நம்பமாட்டேன்.

மழைக்கால ஜன்னல்:

கடைக்குட்டி, உன்னிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்பாவை நினைத்துக்கொள்கிறேன்.

சோதனைக்குழாய் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. நேற்று என் நாத்தனார் அழுதுகொண்டே அழைத்தார். பையனுக்கு 14 வயது. ஆல்கலைன் பாஸ்படேஸ் 340, எல்லை 120 என்று போட்டிருக்கிறது. எலும்புப் புற்றுநோயோ என்று பயப்படுகிறார்.

சோதனைக்குழாய்:

அந்த 120 பெரியவர்களுக்கான எல்லையாக இருக்கும். 14 வயதில் எலும்பு நீளும்போது இந்த நொதி பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். அவன் வயதுக்குரிய எல்லையை ஆய்வகத்திடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எலும்பில் வலி, வீக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பையனிடம் கேட்கட்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடட்டும். இன்று ராத்திரியே அவருக்குப் போன் செய்துவிடுங்கள்.