மாடலரோடு டியூப் சேர்த்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

நான்கு வருடமாக, ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகப் பாவனை செய்யும், தரையில் வைக்கும் ஒரு மாடலரில்தான் கிடார் வாசிக்கிறேன். ஹெட்போனில் கேட்டால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் குழுவோடு மேடையில் நிற்கும்போது, கம்பியை மீட்டினால் நெஞ்சில் வந்து மோத வேண்டிய அந்த அழுத்தம் மட்டும் வருவதில்லை. டியூப் (ஆம்ப்புக்குள் இருக்கும் வெற்றிடக் குழாய்) இல்லாததுதான் காரணம் என்று நினைத்து, உள்ளே 12ஏஎக்ஸ்7 என்ற ஒரு சிறிய டியூப் போட்ட ப்ரீஆம்ப் (சிக்னலுக்கு முதலில் தன்மை கொடுக்கும் பகுதி) பெடலை வாங்கி மாடலருக்கு முன்னால் வைத்தேன்.

முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரே ரிஃபை பெடலோடும் பெடல் இல்லாமலும் பதிவு செய்து, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து கேட்டேன். எது எது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. அந்தப் பெடல் சிக்னலைச் சில டெசிபல் உயர்த்தியிருக்கிறது, என் காது அதை "உயிர்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆம்ப்புக்குள் இருக்கும் 12ஏஎக்ஸ்7-க்கு 200, 300 வோல்ட் கிடைக்கும். என் பெடலில் அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டிலேயே டியூப் ஓடுகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதிலும் டியூப் சிதைவு தரும், ஆனால் நான் தேடியது அது இல்லை.

பெடலை விற்றுவிட்டு, ஸ்பீக்கரை ஓட்டும் டியூப் பவர் ஆம்ப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன். போனவர்கள் என்ன கண்டீர்கள்?

கேபினெட் வைத்திருக்கும் ஒருவர்:

நான் போனேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் இஎல்34 டியூப் போட்ட பழைய ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று இருந்தது. மாடலரின் அவுட்டை அதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகினேன். இப்படிச் செய்தால் ஹெட்டின் ப்ரீஆம்ப் வழியில் வராது, அதன் பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும்.

முதல் நாள் சகிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒரு மந்தமான சத்தம். டியூப் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. மறுநாள்தான் புத்தியில் உறைத்தது: மாடலரில் கேபினெட் ஐ.ஆர்., அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் டிஜிட்டல் ஒலி நகல், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைக் வைத்துப் பிடித்த ஒரு ஸ்பீக்கரின் ஒலியை, இன்னொரு கிடார் ஸ்பீக்கர் வழியாகத் தள்ளியிருக்கிறேன். ஐ.ஆரை அணைத்தேன். மாடலர் தன் பங்குக்குப் பவர் ஆம்ப்பையும் பாவனை செய்கிறது, அதையும் அணைத்து ப்ரீஆம்ப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அதற்குக் காரணம் உண்டு. மின்மறுப்பு 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் காட்டாது. கீழே அதன் அதிர்வுப் புள்ளிக்கு அருகில் அது பல மடங்கு ஏறும், மேலே போகப் போக மறுபடி ஏறும். சாதாரண டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாமல் ஒரே வோல்ட்டேஜைக் கொடுக்கும். டியூப் பவர் ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறும் இடத்தில் ஆம்ப் கொடுக்கும் வோல்ட்டேஜும் ஏறும். அடியில் ஒரு குமுக்கும் மேலே ஒரு பளபளப்பும் வருவது அதனால்தான். மந்திரமெல்லாம் இல்லை.

ஆனால் முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம் நடந்தது. ஹெட் பழுதாகி இரண்டு மாதம் வெளியே போயிருந்தது. அந்த நாட்களில் டியூப் இல்லாத சிறிய கிளாஸ் டி பவர் ஆம்ப் ஒன்றை அதே கேபினெட்டோடு இணைத்து, மாடலரின் பவர் ஆம்ப் பாவனையை மறுபடி போட்டுவிட்டு வாசித்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் பயந்த அளவில் பாதிகூட இல்லை. நெஞ்சில் மோதியது பெரும்பாலும் அந்தக் கேபினெட்தான். நீங்கள் பணம் போடுவதாக இருந்தால் முதலில் கிடார் ஸ்பீக்கரில் போடுங்கள்.

இன்னொருவர்:

மேலே சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: டியூப் பவர் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்காதீர்கள். அவசரத்தில் ஸ்பீக்கர் கேபிளைச் செருக மறந்து, சத்தம் வரவில்லையே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. சத்தமில்லாமல் வாசிக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையை ஏற்கும் லோட் பாக்ஸ் கட்டாயம். மாடலர் பழக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். மாடலரில் எதையும் செருகாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாதே.

நான்கு கேபிள் முறையில் வாசிப்பவர்:

எனக்கு டியூப் ப்ரீஆம்ப்தான் வேண்டியிருந்தது, அதை இன்னும் விடவில்லை. நான்கு கேபிள் போட்டு, ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பை மாடலரின் லூப்புக்குள் (சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் வழி) வைத்திருக்கிறேன். டிலேயும் ரிவெர்பும் மாடலரிலிருந்து, கடிப்பு முழுக்க ஆம்ப்பிலிருந்து. கிடாரின் வால்யூமைக் குறைத்தால் சிதைவு மெல்ல மெல்லத் தெளியும் அந்த விதம் என் கைக்குப் பழகிவிட்டது.

தொடக்கத்தில் தாங்க முடியாத ஹம். மாடலரும் ஆம்ப்பும் மின் இணைப்பு வழியாக ஒரு முறை, கேபிள் வழியாக இன்னொரு முறை எர்த்தில் சேர்வதால் வருவது அது. ஒரு லூப் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டதும் நின்றுவிட்டது. தயவுசெய்து யாரும் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றி ஹம்மை நிறுத்தாதீர்கள். சிலர் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். உயிருக்கே ஆபத்து.

லூப்பின் அளவையும் பாருங்கள். கருவிகளுக்கு இடையே போகும் வலுவான லைன் லெவலும், கிடாரிலிருந்து நேராக வரும் மெல்லிய இன்ஸ்ட்ருமென்ட் லெவலும் ஒன்றல்ல. என் ஆம்ப்பை நான் மாதக்கணக்கில் தவறான லெவலில் ஓட்டிவிட்டு "தட்டையாக இருக்கிறதே" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தாமதம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். லூப்பில் போய் வரும்போது ஒலி இன்னொரு முறை டிஜிட்டலாக மாறித் திரும்புகிறது, சில மில்லிசெகண்ட் கூடும். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. விரலுக்கு அது தெரியாது. லூப்பை நேர் சிக்னலோடு கலந்து வைத்தால் மட்டும் ஒலி குழாய்க்குள் பேசுவது போல் ஆகும்.

டியூப்பை விட்டு வந்தவர்:

நான் மறுபக்கம். 6எல்6 டியூப் போட்ட பவர் ஆம்ப்பை இரண்டு வருடம் சுமந்தேன். மேடையில் எனக்கு அருமையாகத்தான் கேட்டது. ஆனால் கூட்டத்துக்குப் போவது மிக்ஸருக்கு நான் தனியாக அனுப்பும் ஐ.ஆர். சிக்னல். காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு மாறிய பிறகு நானே அந்தக் கேபினெட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் கேட்காத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று கொடுத்துவிட்டேன். ஃபெண்டரே 2019-இல் டியூப் இல்லாத டோன் மாஸ்டர் ஆம்ப்களைக் கொண்டு வந்தபோது, 22 வாட் டீலக்ஸ் ரிவெர்பின் தன்மையைக் கொண்டுவர 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப்பும் ஒரு நிஜ ஸ்பீக்கரும்தான் போட்டார்கள். அதையும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

அறைக்குள் காற்று நகர்வதை வாசிப்பவர் உணர வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாசிப்பவருக்கு நன்றாக இருந்தால் வாசிப்பும் நன்றாக வரும். உங்கள் காது மானிட்டரிலா, தரையில் நிற்கும் ஸ்பீக்கரிலா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரியைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு நண்பரிடம் இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர் கேபினெட்டும் ஒரு கிளாஸ் டி பவர் ஆம்ப்பும் கடன் வாங்கி, நேற்றுப் பயிற்சியில் ஐ.ஆரை அணைத்துவிட்டு வாசித்தேன். நான்கு வருடமாகக் காணாமல் போயிருந்த அந்த அழுத்தம் முதல் கார்டிலேயே வந்தது, டியூப் ஒன்றுகூட இல்லாமல். டிரம்மர் திரும்பிப் பார்த்தார்.

பெடலை விற்கப் போடுகிறேன். கேபினெட் வாங்கிய பிறகு ஒரு டியூப் ஹெட்டைக் கடன் கேட்டு, இந்த முறை சத்தத்தை மீட்டரில் அளந்து சமமாக வைத்துவிட்டு ஒப்பிடுகிறேன். என்ன கேட்டது என்று இங்கேயே எழுதுகிறேன்.