குவார்ட்டர்ஸில் பிரஷர் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

கடலூர்க்காரன்:
வளைகுடாக் கடலில் ஒரு ஆயில் பிளாட்ஃபார்ம், எச்2எஸ் என்கிற விஷ வாயு உள்ள ஃபீல்டு. நைட் ஷிஃப்ட்டில் டீ குடிக்கலாம் என்று நாங்கள் தங்கும் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கேஸ் உள்ளே வராமல் இருக்க அங்கே காற்று பிரஷரை வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள். ஏர்லாக் (அடுத்தடுத்து இரண்டு கதவு வைத்த நுழைவு) கதவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடியைத் திருப்பினாலே கதவு நம் மேல் வந்து சாயும், ஏசி காற்று முகத்தில் அடிக்கும். அன்றைக்கு வரவே மாட்டேன் என்றது. சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். திறந்ததும் காற்று என் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே!

பார்த்தால், சப்ளை ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. கிச்சன், பாத்ரூம் எக்ஸாஸ்ட் மட்டும் ஜோராக ஓடுகிறது. குவார்ட்டர்ஸ் முழுக்க வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. லோ பிரஷர் அலாரம் ஏன் வரவில்லை? ஏர்லாக் கதவுகளுக்கு ஃபயர் எக்ஸ்டிங்விஷரை அண்டக்கொடுத்துத் திறந்து வைப்பது அங்கே வழக்கம். அலாரம் ஓயாமல் அடிக்கிறது என்று கன்ட்ரோல் ரூமில் இன்ஹிபிட் போட்டு, அதாவது அதை முடக்கி வைத்துவிட்டார்கள். அன்று கேஸ் லீக் எதுவும் இல்லை. இருந்திருந்தால்?

கிச்சன் மாஸ்டர்:
எக்ஸாஸ்ட்டைக் குறை சொல்லாதீங்க தம்பி. கிச்சனில் பிரஷர் மெஸ்ஸைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் பொரிக்கிற வாசம் கேபின் வரை போகும். எனக்கு நடந்தது வேறு. ஆகஸ்ட் மாதம், லாண்டரிப் பையன்கள் இரண்டு கதவையும் திறந்துபோட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கடல் புழுக்கம் மொத்தமும் உள்ளே வந்து, குளிர்ந்த ஏசி கிரில்லில் பட்டு வேர்த்து, நேராக சாம்பாரில் சொட்டியது. திட்டு வாங்கியது நான்.

டேம்பர் மணி:
கடலூர்க்காரன் சார், ஃபேன் நின்றதைப் பெரிதாக்குகிறீர்கள். ஏர் இன்டேக்கில் கேஸ் டிடெக்டர் அடித்தால் ஃபேன் நிற்கத்தான் வேண்டும், காற்றுக் குழாயை அடைக்கும் டேம்பர் மூடத்தான் வேண்டும். ஓடினால் கேஸை நாமே உள்ளே இழுப்போம். உங்கள் கதையில் கோளாறு, சப்ளை நின்றதும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து நிற்காததுதான். எனக்கும் ஒரு முறை பிரஷர் ஏறவே இல்லை. தேடினால், புதுசாக கேபிள் இழுத்தவர்கள் சுவரில் கேபிள் நுழையும் டிரான்சிட்டில் ஓட்டையை அடைக்கும் பிளாக் வைக்காமல் போயிருந்தார்கள்.

சரி, எல்லோருக்குமாகச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸில் வைக்கும் கூடுதல் பிரஷர் 50 பாஸ்கல் என்றால், அது 5 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம், அவ்வளவுதான். ஆனால் 2 சதுர மீட்டர் கதவில் அது 10 கிலோ தள்ளு. அதனால்தான் கதவு சரியாக மூடாமல் நிற்கும். டோர் குளோசரை இறுக்குங்கள், கதவைக் கட்டிப்போடாதீர்கள். பிரஷர் கேஜை நம்புவதற்கு முன் அதன் டியூபில் உப்பு அடைத்திருக்கிறதா பாருங்கள். டிஷ்யூ பேப்பரைக் கதவு இடுக்கில் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஆள் இல்லாத கேபின் பாத்ரூம் டிரெயினில் தண்ணீர் ஊற்றுங்கள், குழாய் வளைவில் தண்ணீர் நிற்கும் டிராப் காய்ந்தால் அதுவும் ஓட்டைதான். டேம்பர் மூடியதா என்று ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள், பிளேடைப் போய்ப் பாருங்கள். அப்புறம் எச்2எஸ் வந்தால் வாசம் தெரியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு மரத்துப்போகும்.

அபர்டீன் அண்ணாச்சி:
இங்கே இன்டக்‌ஷனிலேயே பைப்பர் ஆல்ஃபா பாடம் உண்டு. வட கடலில் தீப்பிடித்து அழிந்த பிளாட்ஃபார்ம் அது. 1988 ஜூலை 6, 167 பேர் செத்தார்கள். குவார்ட்டர்ஸ்தான் பத்திரம் என்று அங்கே காத்திருந்தவர்கள் பலர். புகை உள்ளே வந்துவிட்டது. நம் ஊர் ஆட்கள் ஃபயர் டோருக்கு முட்டுக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

கடலூர்க்காரன்:
மணி சார், டிஷ்யூ பேப்பர் வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். கேஸ் வந்து ஃபேன் நின்றால் டேம்பரும் மூடும், ஊரைக் கூட்டி அலாரமும் அடிக்கும். இங்கே டேம்பர் திறந்தே இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. இரண்டும் ஒன்றா? இன்ஹிபிட் போட்டதை ஷிஃப்ட் மாறும்போது ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. லாக் புக்கில் ஒரு வரிகூட இல்லை.

கிச்சன் மாஸ்டர்:
எங்களிடம் அதற்கென்றே ஒரு வெள்ளைப் பலகை இருந்தது தம்பி. பாதி நாள் அதில் கிரிக்கெட் ஸ்கோர்தான் எழுதியிருக்கும்.