காற்று மாசு முன்னறிவிப்பைப் பார்த்து நாளைத் திட்டமிடுகிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்மாவுக்கு ஆஸ்துமா என்பதால் காற்றுத்தர முன்னறிவிப்பைத் தினமும் பார்க்கிறேன். அதே சாலை, அதே வண்டிகள்தான். ஆனால் ஒரு நாள் மஞ்சளில் இருக்கும் காற்றுத்தரக் குறியீடு மறுநாள் சிவப்புக்கு ஏறிவிடும். வெளியாகும் புகை ஏறக்குறைய அதே அளவுதான். அது கலந்து பரவுகிற இடம்தான் சுருங்கிப்போயிருக்கும்.

மேகமில்லாத, காற்றசையாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துகொள்ளும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பானை மூடிபோல உட்கார்ந்துவிடும். இதைத்தான் வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்கிறார்கள். கோடைப் பிற்பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலந்துபோகும் புகை, இப்படிப்பட்ட இரவில் நூறு இருநூறு மீட்டருக்குள் அடைபட்டுவிடலாம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்ததும் இதுதான். உயர் காற்றழுத்தப் பகுதி நகராமல் நிற்க, நிலக்கரிப் புகை போக வழியில்லாமல் தங்கிவிட்டது. அப்போதைய கணக்கே சுமார் 4,000 உயிர்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. காற்றின் திசை மாறிய பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

அதனால் நான் குறியீட்டோடு காற்றின் வேகத்தையும், புகை எவ்வளவு உயரம்வரை கலந்து பரவும் என்பதைச் சொல்லும் கலப்பு உயரத்தையும் சேர்த்தே பார்ப்பேன். இரண்டும் இறங்கப்போகிறது என்றால், அம்மாவின் காலை நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வோம்.

* * *

நான் ஓட்டப் பயிற்சி செய்பவன். எனக்குத் தொல்லை கொடுப்பது கோடை. வானம் பளிச்சென்று இருக்கும், புகையே தெரியாது. ஆனாலும் மாலை ஓட்டத்தில் நெஞ்சு எரியும். காரணம் ஓசோன். வண்டிப் புகையிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் கடும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது அது. பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். கோடையில் விடிகாலை, குளிர்காலத்தில் பிற்பகல் என்று நேரத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது பரவாயில்லை.

* * *

முதலில் எழுதியவர் அம்மாவின் விஷயத்தில் மழையையும் கவனிக்க வேண்டும். நல்ல மழை துகள்களைக் கழுவிவிடும், சரி. வெறும் தூறலை நம்பக் கூடாது. ஈரப்பதம் கூடினால் சில துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துப் புகைமூட்டத்தை இன்னும் அடர்த்தியாக்கும்.

அப்புறம், வட்டார முன்னறிவிப்பின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எரியும் தீயைச் செயற்கைக்கோளில் பார்த்து, காற்றுத் திசையோடு சேர்த்து, புகை எப்போது வரும் என்று கணிக்க முன்னறிவிப்பாளர்களால் முடியும். ஆனால் அவர்கள் பயன்படுத்தும் கணினி நிரல் பரப்பைப் பல கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது. உங்கள் தெருவில் யாரோ கொளுத்தும் குப்பை அதில் தெரியாது. எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், அடுத்த இரண்டு நாள் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள்.

* * *

தூறல் பற்றிச் சொன்னதற்கு நன்றி, இனி கவனிக்கிறேன். பல செயலிகள் வெறும் குறியீட்டை மட்டும் காட்டுவதுதான் ஆதங்கம். கலப்பு உயரத்தையும் பக்கத்திலேயே போட்டால், நுரையீரல் நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முந்தின இரவே தயாராக நேரம் கிடைக்கும்.