ஸ்டர்ட் பாலைப் பட்டாணி: உப்புத்தாளா, வெந்நீரா?

மணல்மேடு: ஆஸ்திரேலியப் பாலை நிலத்துச் செம்பூ இது. "விதைமேல் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டால் போதும், உப்புத்தாள் வீண்வேலை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். விதை வாங்கியவர் காசைக் கரியாக்கும் யோசனை! விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. தழும்புக்கு (விதை காயோடு ஒட்டியிருந்த இடம்) எதிர்ப்பக்கத்தில், உள்ளே வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும்வரை மட்டும் தேயுங்கள். பிறகு ஊறவையுங்கள், உப்பிவிடும்.

செவ்வந்தி: எழுதியது நான்தான். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றச் சொன்னேன், விதையை வேகவைக்கச் சொல்லவில்லை. உப்பாத விதைக்கு மட்டும் மறுபடி ஊற்றலாம். நூறு விதையை யார் உட்கார்ந்து தேய்ப்பது?

மணல்மேடு: நூறு எதற்கு? ஒரு செடியே 2 மீட்டர் வரை படரும். ஆறு விதை தேய்க்கக் கை வலிக்கிறதா?

செவ்வந்தி: தழும்புப் பக்கம் தேய்த்தால் வேர்முளை போச்சு. புதியவர்களுக்கு எந்தப் பக்கம் என்று தெரியுமா?

மணல்மேடு: அதற்குத்தானே எதிர்ப்பக்கம் என்று எழுதினேன்! படித்தீர்களா?

கப்பிக்கல்: முளைப்பதோடு நின்றுவிட்டீர்களே. அதற்குப் பிறகுதான் செடி சாகிறது. ஆணிவேர் அசையக் கூடாது. மட்கும் தாள் குழாயில் விதைத்துக் குழாயோடு நடுங்கள், இல்லாவிட்டால் நிலத்திலேயே ஊன்றுங்கள். மணலும் கப்பியும் கலந்த மேட்டுப்பாத்தி, நாள் முழுக்க வெயில். தண்ணீர் வேரடியில் மட்டும். ஈரம் தேங்கினால் நாற்று அழுகும், மிச்சத்தை நத்தை தின்னும்.

மணல்மேடு: சரி, ஆனால் தேய்க்காத விதைக்கு மேட்டுப்பாத்தி எதற்கு?

ஒட்டுக்காரன்: களிமண் தோட்டத்தில் இதெல்லாம் நடக்காது. இதே பட்டாணிக் குடும்பத்துச் செடிகளான கொலுட்டியா நாற்றிலோ நியூசிலாந்துக் கிளியாந்தஸ் நாற்றிலோ இதை ஒட்டுக் கட்டுங்கள். இன்னொன்று, ஆய்வுப்பயணி ஸ்டர்ட் பெயரை இதற்கு வைத்ததே அநியாயம். 1699-இலேயே ஆங்கிலக் கடலோடி டாம்பியர் இதைச் சேகரித்துவிட்டார்.

செவ்வந்தி: தெற்கு ஆஸ்திரேலியா 1961-இல் மாநில மலராக ஏற்றதே ஸ்டர்ட் பெயரில்தான்.

ஒட்டுக்காரன்: அரசு ஏற்றால் வரலாறு மாறிவிடுமா? அந்த மண்ணின் பூர்வகுடிகள் இருவருக்கும் முன்பே அறிந்த பூ அது.

மணல்மேடு: பெயர்ச்சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். ஒட்டுக்கும் நாற்று வேண்டும், நாற்றுக்கு விதை முளைக்க வேண்டும். பாலையில் வெள்ளமும் மணலும் உரசித்தான் தோல் திறக்கிறது. அங்கே யாரும் வெந்நீர் காய்ச்சவில்லை.

செவ்வந்தி: அங்கே உப்புத்தாளும் விற்கவில்லை.

மணல்மேடு: மணல் இருக்கிறது. தழும்புக்கு எதிர்ப்பக்கம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.