லாஜிக் இல்லாத அடிதடி காமெடி சொல்லுங்க மக்களே

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் விடாத மழை. ரப்பர் பால் வெட்டு இல்லாததால் மாமாவும் நானும் வீட்டில்தான். ராத்திரி கஞ்சியும் பயறும் முடிந்ததும் ஒரு படம் போட்டாக வேண்டும். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிற படமாகச் சொல்லுங்கள். விருது வாங்கியதெல்லாம் வேண்டாம், சாமி.

‘வின்னர்’ (2003), ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) எல்லாம் பார்த்தாச்சு. ஸ்டீபன் சோவின் ‘குங்ஃபூ ஹஸில்’ (2004) படத்தில் வீட்டு ஓனரம்மா தலையில் ஹேர் ரோலரும் வாயில் சிகரெட்டுமாக, கால் சக்கரமாய்ச் சுழல, ஹீரோவைத் துரத்துவார் பாருங்கள். மாமா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்கிறார். அந்த ரகம்தான் வேண்டும். அடி பலமாக விழணும், ஆனால் வாங்கினவன் அடுத்த சீனில் எழுந்து வரணும். ஜாக்கி சான் ஏணி, நாற்காலி என்று கையில் கிடைத்ததை வைத்துச் சண்டை போடுவாரே, அதுவும் சரி.

தமிழ் டப்பிங் அவசியம், மாமாவுக்கு சப்டைட்டில் வாசிக்கக் கண் எட்டாது. மலையாளம் என்றால் அப்படியே பார்ப்போம், இந்தப் பக்கம் அது பிரச்சினையே இல்லை. அப்புறம், இரட்டை அர்த்த வசனம் கூடாது, அத்தையும் கூடவே இருப்பார். எந்த ஆப்பில் கிடைக்கும் என்றும் சொல்லிவிடுங்கள்.