மதியச் சாப்பாட்டுக்கு விமான விபத்து பேச ஆள் தேவை

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம். ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே பக்கத்து சீட் அண்ணன், "இன்னைக்கு எந்த பிளைட்டுப்பா?" என்பார். விபத்து விசாரணை அறிக்கை படிக்கிற பைத்தியம் எனக்கு. 1983-இல் கனடாவில், கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்குப் போட்டதால் நடுவானில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767, கார் பந்தயம் நடந்த பழைய ஓடுபாதையில் இறங்கி 69 பேரும் பிழைத்த கதையை அவருக்கு இரண்டு நாள் சொன்னேன். ரசத்தைக்கூட மறந்து கேட்டார்.

இப்போது மனைவியிடம் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். அடுத்த மாதம் விமானப் பயணம், பாவம்.

மதியம் ஒரு மணிக்கு வீடியோ காலில் சேர்ந்து சாப்பிட யாராவது வருகிறீர்களா? அப்புறம், வேளச்சேரி பக்கம் நாள் வாடகைக்கு மேசை கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.